கருத்துப் பெட்டியின் சாவி

காலை எட்டு மணிக்கு நூற்றிருபது பேர் ஒன்றாகக் கை தட்டினார்கள். எதற்கென்று கேட்டால் ஒருவருக்கும் பதில் தெரியாது. தினமும் எட்டு மணிக்குத் தட்டுவார்கள், அவ்வளவுதான்.

“நாம வந்ததுக்கா அண்ணி?” என்றான் கொழுந்தன். “இல்லை, சீக்கிரம் போயிடுவோம்கிற நம்பிக்கையிலயா?”

அண்ணி கடிகாரத்தைப் பார்த்தாள். தட்டி முடியட்டும் என்று தொழிற்சாலை வாசலில் நின்றாள்.

அவளுக்குப் பெயர் இல்லாமல் இல்லை. ஆனால் பதினோரு வருடமாக அவளுக்கு உதவியாளாக இருப்பவன் கணவனின் தம்பி. வாடிக்கையாளர், போலீஸ், சாட்சி என்று யார் முன்னாலும் வாய் நிறைய ‘அண்ணி’ என்றே கூப்பிட்டுக் கூப்பிட்டு, அதுவே அவளுடைய தொழில் பெயராகிவிட்டது. முன்பு இன்சூரன்ஸ் கம்பெனியில் இருந்தாள். எரிந்த கடைகளையும் கவிழ்ந்த லாரிகளையும் பார்த்து, எது விபத்து, எது நாடகம் என்று எழுதிக் கொடுப்பது வேலை. பிறகு தனியாகத் துப்பறிய வந்தாள்.

எட்டு மாதத்துக்கு முன் கணவன் இறந்துபோனான். அதற்குப் பிறகும் வேலைக்குப் போனாள், சாப்பிட்டாள், தூங்கினாள். பல் டாக்டர் ஊசி போட்டு அனுப்பிய பிறகு கன்னத்தைத் தொட்டால் எப்படி இருக்கும்? எல்லாம் அப்படித்தான் இருந்தது. தொடுவது தெரியும், தொடப்படுவது தன் கன்னம்தானா என்று தெரியாது. கொழுந்தனுக்கு நேர்மாறு. அண்ணன் போன நாளிலிருந்து அவன் வாய் மூடவே இல்லை.

உள்ளேயிருந்து முதலாளி இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு வந்தார். அறுபது வயது, வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் சிரிக்கும் முகம் போட்ட ஒரு பொத்தான்.

“வணக்கம் ஐயா,” என்றான் கொழுந்தன்.

“ஐயாவா! நல்ல வேளை, இங்க யார் காதுலயும் விழலை. பெரியப்பான்னு கூப்பிடுங்க.” சுவரில் மாட்டியிருந்த பலகையைக் காட்டினார். ‘இன்று முதல் இங்கே ஐயா இல்லை, சார் இல்லை, மேடம் இல்லை. நாம் ஒரே குடும்பம்’ என்று எழுதி, கீழே தேதி போட்டிருந்தது. அண்ணி தேதியைப் படித்தாள். இரண்டு வருடம், இரண்டு மாதம் ஆகியிருந்தது.

“சூப்பர்வைசர்தான் மாமா. ஸ்டோர்ல இருக்கிறவங்க அத்தை. எல்லாரோட மனசையும் பாத்துக்கிறவங்க சித்தி.”

“கொழுந்தன் போஸ்ட் காலியா இருக்கா பெரியப்பா?”

“அது இன்னும் உருவாக்கலை தம்பி,” என்றார் அவர், கொஞ்சமும் சிரிக்காமல்.

அவருடைய அறைக்குக் கதவே இல்லை. யாரும் எப்போது வேண்டுமானாலும் உள்ளே வரலாம் என்பது கம்பெனியின் கொள்கை என்று பெருமையாகச் சொன்னார். வருகிறவர்கள் உட்காரும் நாற்காலிக்கு அடியில் விரித்திருந்த கம்பளத்தை அண்ணி பார்த்தாள். கடையிலிருந்து வந்தபடியே, ஒரு நூல்கூட நலுங்காமல் இருந்தது.

“விஷயத்துக்கு வர்றேன்,” என்றார் பெரியப்பா. மேஜை மேல் மூன்று காகிதத் துண்டுகளை வைத்தார். “நாங்க செய்யறது மோட்டார் ஹோம். சக்கரம் வெச்ச வீடு. வாங்கினவங்க சந்தோஷமா முதல் பயணம் போறாங்க. மெத்தையைத் தூக்கினா இது. கரண்டி டிராயரைத் திறந்தா இது. நாலு மாசமா எவனோ ஒருத்தன் வண்டிக்குள்ள சீட்டு ஒளிச்சு வெக்கிறான்.”

கொழுந்தன் ஒன்றை எடுத்து உரக்கப் படித்தான். “‘ஐயா, மூன்றாம் நிலையத்தில் வெளிச்சம் போதவில்லை. ஸ்க்ரூ போடும்போது விரலில் ஏறுகிறது.’” அடுத்ததை எடுத்தான். “‘ஐயா, ஆண்கள் கழிவறைத் தாழ்ப்பாள் உள்ளேயிருந்து போட்டால் திறப்பதில்லை. நேற்று வெல்டர் ஒரு மணி நேரம் உள்ளே இருந்தார்.’ பாவம், குடும்பத்துல ஒருத்தர் உள்ள மாட்டிக்கிட்டா யாரும் தேடலையா?”

மூன்றாவது, சாப்பாட்டு இடைவேளை இருபது நிமிடம் என்று போட்டுவிட்டுப் பதினான்காவது நிமிடத்தில் மணி அடிக்கிறார்கள் என்றது. அதுவும் ‘ஐயா’ என்றுதான் தொடங்கியது.

“மூணும் மூணு கையெழுத்து,” என்றாள் அண்ணி.

“மாத்தி மாத்தி எழுதறான். ஆள் யாருன்னு எனக்குத் தெரியும். காஸ் குழாய் மாட்டறவன் ஒருத்தன், எல்லாரும் மீசைன்னு கூப்பிடுவாங்க. போன வாரம் அவன் மஞ்சள் வெச்சான். எனக்கு ஆதாரம் மட்டும் வேணும். ஆதாரம் இருந்தா அவனைச் சந்தோஷமா வழியனுப்பி வெச்சிடலாம்.”

“மஞ்சள்னா?”

“சித்தி காட்டுவாங்க,” என்றார் பெரியப்பா.

சித்தி வந்தாள். நாற்பது வயதிருக்கும். கழுத்தில் அடையாள அட்டை, அதோடு ஒரு கொத்துச் சாவி, முகத்தில் ஒரு சிரிப்பு. சிரிப்பு வாயோடு நின்றிருந்தது. அண்ணிக்கு அந்தச் சிரிப்பு எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. பிறகு நினைவுக்கு வந்தது: எட்டு மாதமாகக் கண்ணாடியில் பார்ப்பதுதான்.

நுழைவாயிலை ஒட்டி ஒரு பெரிய பலகை. நூற்றிருபது ஆணிகள், ஒவ்வொன்றிலும் ஒரு வட்ட வில்லை. எல்லாம் பச்சை.

“காலைல வந்ததும் மனசு எப்படி இருக்குன்னு வில்லை மாட்டணும்,” என்றாள் சித்தி. “நல்லா இருந்தா பச்சை. சுமாரா இருந்தா மஞ்சள். மஞ்சள் வெச்சா நான் போய்ப் பேசுவேன். சிவப்பு வெச்சா பெரியப்பாவே பேசுவார்.”

“சிவப்பு எங்கே?”

சித்தி ஒரு டிராயரைத் திறந்தாள். சிவப்பு வில்லைகள் வாங்கின பிளாஸ்டிக் உறையிலேயே இருந்தன. உறை பிரிக்கப்படவில்லை.

“விருந்தாளிங்களும் வைக்கணும்,” என்று அண்ணியின் கையில் ஒரு பச்சை வில்லையைக் கொடுத்தாள். அண்ணி அதைப் புரட்டிப் பார்த்தாள். என்ன நிறம் மாட்டுவது என்று நிஜமாகவே யோசித்தாள். ஒன்றும் தோன்றவில்லை. வில்லையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “வேலை நடக்கற இடத்தைப் பாக்கலாமா?” என்றாள்.

நீளமான கூடம். ஒரு முனையில் தலையும் சக்கரமும் மட்டும் உள்ள வேன்கள் வந்து நின்றன. அங்கிருந்து ஒவ்வொரு நிலையமாக நகர்ந்தன. முதலில் தரைப் பலகை. அதன் மேல் தண்ணீர்த் தொட்டி, காஸ் குழாய், ஒயர். பிறகு அலமாரி, அடுப்பு மேடை, கட்டில், கழிவறை எல்லாம் திறந்தவெளியில் நிற்பதுபோல் நின்றன. அதற்கப்புறம்தான் சுவர்களைத் தூக்கி வந்து ஒட்டினார்கள். கடைசியில் கூரை.

“சாமானை எல்லாம் அடுக்கிட்டு வீட்டைக் கட்டறாங்க,” என்றான் கொழுந்தன். “நம்ம வீட்டு ஓனருக்கு இந்த யோசனை வராம இருக்கணும்.”

கடைசி நிலையம் ஒரு மழை அறை. வண்டியை உள்ளே விட்டு நாலு பக்கமும் தண்ணீரைப் பீய்ச்சி அடித்து, எங்காவது ஒழுகுகிறதா என்று பார்ப்பார்கள். அண்ணி அங்கே கொஞ்ச நேரம் நின்றாள்.

“இதுக்கு அப்புறம் வண்டிக்குள்ள யார் போவாங்க?” என்று சூப்பர்வைசர் மாமாவைக் கேட்டாள்.

“யாரும் போகக் கூடாது. துடைச்சுப் பூட்டிடுவோம். டெலிவரிக்கு முன்னாடி வரவேற்புப் பை வைக்கிறதுக்கு மட்டும் திறப்பாங்க.”

“மழை அறைக்கு முன்னாடி மெத்தையும் டிராயரும் உண்டா?”

“டிராயர் உண்டு. மெத்தை கடைசிலதான்.”

அண்ணி தலையசைத்தாள். பேசி முடிக்கும்வரை மாமா சிரித்துக்கொண்டே இருந்தார். திரும்பி நடந்ததும் சிரிப்பை நிறுத்தி, தாடையைத் தடவிவிட்டுக்கொண்டார்.

மீசை இரண்டாம் நிலையத்தில் குனிந்து குழாய் வளைத்துக்கொண்டிருந்தான். மீசை ஒன்றும் பிரமாதமில்லை. கூட்டத்தில் மற்ற யாருக்கும் இல்லாததால் அந்தப் பெயர் நின்றுவிட்டது.

“சீட்டு எழுதினது நீங்களா?” என்று நேராகக் கேட்டாள் அண்ணி.

“எழுதினேன்.”

கொழுந்தன் விசிலடித்தான். “அண்ணி, நம்ம சர்வீஸ்லயே இதுதான் சீக்கிரம் முடிஞ்ச கேஸ். சாப்பாட்டு மணி அடிக்கறதுக்குள்ள, அதுவும் பதினாலாவது நிமிஷ மணி.”

“எதுல எழுதினீங்க? எங்க போட்டீங்க?”

“மாமாகிட்ட வாயால சொன்னேன். நேர்ல குறை சொல்றது நம்ம பண்பாடு இல்லை, கருத்துப் பெட்டில போடுன்னார். போட்டேன். மூணு தடவை.” மீசை நிமிரவில்லை. “பதில் வரலை. அதான் மஞ்சள் வெச்சேன்.”

“வண்டிக்குள்ள?”

“வண்டிக்குள்ள எதுக்கும்மா சீட்டு வெக்கணும்?” அவன் இப்போதுதான் அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கள்ளம் இல்லை, குழப்பம்தான் இருந்தது.

கருத்துப் பெட்டி சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் இருந்தது. தகரப் பெட்டி, மேலே விரலளவு பிளவு, பக்கத்தில் சின்னப் பூட்டு. மேலே ஒரு சான்றிதழை மாட்டியிருந்தார்கள்: ‘நான்கு ஆண்டுகளில் ஒரு குறைகூட இல்லை.’

அண்ணி முதலாளி கொடுத்த மூன்று சீட்டுகளையும் கொழுந்தனிடம் நீட்டினாள். “இதை இருந்த மடிப்பிலேயே மடி.”

மடித்தான். மூன்றும் விரலளவுக்கு ஒடுங்கின. பிளவில் வைத்தான். உறையில் கத்தி நுழைவதுபோல் மூன்றும் நுழைந்தன.

“டிராயர்ல போடறவன் எதுக்கு இவ்வளவு ஒடுக்கமா மடிக்கணும்?” என்றாள் அண்ணி. “இது பெட்டிக்காக மடிச்சது. இன்னொண்ணு. மூணுலயும் ‘ஐயா’ன்னு இருக்கு. ரெண்டு வருஷமா இங்க அந்த வார்த்தை கிடையாது. மீசை இப்ப எழுதியிருந்தா ‘பெரியப்பா’ன்னுதான் எழுதியிருப்பான்.”

“அப்ப இது பழைய சீட்டு!”

“பழசு. மூணு பேர் எழுதினது. ஒருத்தர் எடுத்து வெச்சது.” பூட்டைத் தொட்டுக் காட்டினாள். சாவித் துளையைச் சுற்றி வண்ணம் போய்ப் பளபளவென்று தகரம் தெரிந்தது. “ஒரு குறைகூட வராத பெட்டியை யாரு இத்தனை தடவை திறந்திருக்காங்க?”

கொழுந்தன் சிரிக்கவில்லை. கழுத்தில் சாவிக்கொத்து தொங்க, தங்களை முதலில் கூட்டிக்கொண்டு போனவளை அவனும் நினைத்துக்கொண்டான். “வரவேற்புப் பை வைக்கிறதும் சித்திதானா?”

“கேட்டுடலாம்,” என்றாள் அண்ணி.

சித்தி மறுக்கவே இல்லை. ஸ்டோருக்குப் பின்னால் இருந்த தன்னுடைய சின்ன அறையில், நாளைக்கான பச்சை வில்லைகளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். அண்ணி சொன்னதைக் கேட்டுவிட்டு, இன்னும் இரண்டு வில்லையைத் துடைத்தாள். பிறகு எழுந்து அலமாரியைத் திறந்து ஒரு துணிப்பையை எடுத்து மேஜையில் வைத்தாள். பை தலையணை மாதிரிப் புடைத்திருந்தது.

“முதல் வருஷம் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எடுத்துட்டுப் போய் அவர்கிட்ட குடுத்தேன்,” என்றாள். “குடும்பத்துக்குள்ள யாராவது குறையை எழுதிக் குடுப்பாங்களா, கிழிச்சுப் போடும்மான்னார். கிழிக்க மனசு வரலை. இதுல போட்டேன். நாலு மாசத்துக்கு முன்னாடி பை நிறைஞ்சு போச்சு. அப்பதான் வண்டிக்கு ஒண்ணா வெக்க ஆரம்பிச்சேன். வெளில யாராவது ஒருத்தர் படிக்கட்டும்னு. முப்பத்தொரு வண்டி. மூணு பேர்தான் திருப்பி அனுப்பினாங்க.”

“நீங்க படிக்கலையா?”

“படிக்கறதை விட்டு ரெண்டு வருஷம் ஆச்சு. படிச்சா மறுநாள் காலைல பச்சை மாட்ட முடியலை.” குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. “இப்ப ஒண்ணும் தெரியறதில்லை. நல்லாத்தான் இருக்கு.”

அண்ணிக்கு அந்தக் குரல் புரிந்தது. அதனாலேயே அடுத்த கேள்வியைச் சட்டென்று கேட்டாள். “பையிலிருந்து எப்படி எடுப்பீங்க? மேல இருந்தா?”

“அடியிலிருந்து. பாவம், முதல்ல எழுதினவங்களோடது முதல்ல போகட்டும்னு.”

“அப்ப போன மாசம் எழுதினது?”

சித்தியின் கை நின்றது.

அண்ணி பையின் வாயை அகலமாகத் திறந்து மேலாக இருந்த ஒரு பிடியை மேஜையில் போட்டாள். மூவரும் ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்தார்கள். விசிறி சுற்றவில்லை, டீ ஆறிப்போய் வருகிறது, கையுறை கிழிந்திருக்கிறது. கொழுந்தன்தான் கண்டுபிடித்தான். ஒரே கையெழுத்தில் மூன்று. படிக்கப் படிக்க அவன் குரல் இறங்கியது.

“‘பெரியப்பா, புது மாடலில் ஹீட்டர் புகைக்குழாயைப் பிடிக்கும் வளையம் ஒரு அளவு பெரிசாக வந்திருக்கிறது. வண்டி குலுங்கினால் குழாய் கழன்றுவிடும். கழன்றால் புகை வெளியே போகாது, கட்டிலுக்கு அடியில் வரும். காஸ் குழாய்ப் பிரிவு.’”

“அடுத்தது?”

“‘போன வாரம் எழுதினேன். அதற்குள் இரண்டு வண்டி போய்விட்டது. இந்தப் புகைக்கு மணம் கிடையாது, தூங்குகிறவர்களுக்குத் தெரியாது.’” மூன்றாவதை அவன் படிக்கவில்லை, அண்ணியிடம் நீட்டினான். அதில் ஒரே வரி: ‘இத்தோடு ஆறு வண்டி. பெட்டியைத் திறப்பவர் யாராக இருந்தாலும் சரி, தயவுசெய்து எனக்குப் பதில் சொல்லுங்கள்.’

சித்தி அந்தச் சீட்டை வாங்கிப் படித்தாள். ஒருமுறை படித்தாள், மறுபடியும் படித்தாள். வாயில் இருந்த சிரிப்பு எப்போது போனது என்று யாரும் கவனிக்கவில்லை.

கதவில்லாத அறையில் பெரியப்பா மூன்று சீட்டையும் ஓரமாக ஒதுக்கி வைத்தார்.

“நான் கேட்டது, வண்டிக்குள்ள சீட்டு வெச்சது யாருன்னு.”

“ஆறு வண்டியையும் நிறுத்தணும்,” என்றாள் அண்ணி. “இப்பவே. ஹீட்டர் போட வேண்டாம்னு சொல்லணும். வண்டில புகை வந்தா கத்தற மணி இருக்கா?”

“அது கூடுதல் வசதிப் பட்டியல்ல இருக்கு. விருப்பப்பட்டவங்க வாங்கிக்கலாம்.” அவர் பொறுமையாகப் பேசினார். “வெள்ளிக்கிழமை குடும்பக் கூட்டத்துல எல்லாரும் உக்காந்து பேசுவோம். பதட்டப்பட்டு வாடிக்கையாளரைப் பயமுறுத்தறது நம்ம பண்பாடு இல்லை.”

“தம்பி, போனை எடு,” என்றாள் அண்ணி.

கூடவே வந்து நின்ற சித்தி எண்களைச் சொன்னாள். மனப்பாடமாகத் தெரிந்திருந்தது. முதல் ஆள் கடைத்தெருவில் இருந்தார், வண்டி வீட்டு வாசலில் நின்றது. இரண்டாவது வண்டிக்காரர் ஹீட்டர் போட்டால் தலை வலிக்கிறது என்று தாமே முந்திக்கொண்டு சொன்னார். போட வேண்டாம், ஜன்னலைத் திறங்கள், உள்ளே படுக்காதீர்கள். மூன்று, நான்கு, ஐந்து. ஆறாவது எண் அடித்துக்கொண்டே இருந்தது. கொழுந்தன் திரும்ப அடித்தான். யாரும் எடுக்கவில்லை.

“யாரு?”

“பஸ் டிரைவரா இருந்து ஓய்வு பெற்றவர்,” என்றாள் சித்தி. “அவரும் சம்சாரமும். முந்தாநாள் வண்டி எடுத்தாங்க. முதல் பயணம் எங்கன்னு நாங்க எல்லார்கிட்டயும் எழுதி வாங்குவோம். மலையடிவாரத்து அணைக்கரைன்னு எழுதினாங்க.”

ஜன்னலுக்கு வெளியே அண்ணி பார்த்தாள். விடிந்ததிலிருந்து தூறிக்கொண்டிருந்தது. மலைப்பக்கம் வானம் கருத்திருந்தது. அங்கே குளிரும்.

“ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டேன்,” என்றான் கொழுந்தன். “டவுன்லேந்து வரணும், ஒரு மணி நேரம் ஆகுமாம். நாம போனா முப்பது நிமிஷம். நான் ஓட்டினா இருபத்தஞ்சு.”

“மீசையையும் கூட்டிட்டு வா. காஸை மூட அவருக்குத்தான் தெரியும்.”

காரில் ஏறும்போது கூடத்தில் இயந்திரங்களின் இரைச்சல் சட்டென்று நின்றது. யாரோ மெயின் சுவிட்சை இறக்கியிருந்தார்கள். கை தட்டச் சொல்லும் ஒலிபெருக்கியில் சித்தியின் குரல் வந்தது. பையிலிருந்து ஒவ்வொரு சீட்டாக எடுத்துப் படித்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நிலையத்தில் வெளிச்சம் போதவில்லை. டீ ஆறிப்போய் வருகிறது. கையுறை கிழிந்திருக்கிறது. எதையும் விடவில்லை. கார் வாசல் தாண்டும்வரை அந்தக் குரல் கேட்டது. கைதட்டல் கேட்கவில்லை.

வழியில் மீசை ஒரே ஒரு தடவை பேசினான். “நான் இன்னும் சத்தமாச் சொல்லியிருக்கணும்.”

“எவ்வளவு சத்தமாச் சொன்னாலும் கேக்கறது அந்த மாமாதானே,” என்றான் கொழுந்தன். அது அவன் வழக்கமான நகைச்சுவையாக வரவில்லை.

அணைக்கரையில் நனைந்த புல்தரையில் அந்த ஒரு வண்டி மட்டும் நின்றிருந்தது. புத்தம் புதிது. வாசல் படியருகே இரண்டு ஜோடிச் செருப்பு. எல்லா ஜன்னலிலும் திரை இழுத்து விடப்பட்டிருந்தது. உள்ளே ஹீட்டர் ஓடும் மெல்லிய ரீங்காரம். ஒரு போன் அடித்து அடித்து ஓய்ந்தது. கொழுந்தன் கையிலிருந்த போன்தான் அதை அடித்துக்கொண்டிருந்தது.

கதவைத் தட்டினான். அசைவில்லை.

“தூங்கறாங்க போல அண்ணி,” என்றான்.

அண்ணி அப்படியே நின்றாள். அதே வார்த்தையை அவள் ஒருமுறை சொல்லியிருக்கிறாள். எட்டு மாதத்துக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், இதே கொழுந்தன் போன் செய்து அண்ணன் எங்கே என்று கேட்டபோது. ‘தூங்கறார் போல, தம்பி.’ சொல்லிவிட்டுப் பக்கத்து அறையில் உட்கார்ந்து மூன்று மணி நேரம் ஒரு ரிப்போர்ட் எழுதினாள். நல்ல ரிப்போர்ட். ஒரு பிழைகூட இல்லை.

கார் டிக்கியிலிருந்து வீல் ஸ்பேனரை எடுத்து ஓடினாள். பக்கத்து ஜன்னலில் ஓங்கி அடித்தாள். ஸ்பேனர் எகிறியது. ஜன்னல் வளைந்து கொடுத்துப் பழையபடி ஆனது.

“அது கண்ணாடி இல்லைம்மா, பிளாஸ்டிக், உடையாது!” மீசை வண்டியின் பின்பக்கம் காஸ் பெட்டியைத் திறந்தபடி கத்தினான். “முன்னாடி! டிரைவர் ஜன்னல்தான் கண்ணாடி!”

இரண்டாவது அடியில் டிரைவர் ஜன்னல் உதிர்ந்தது. கையை உள்ளே விட்டுக் கதவைத் திறந்தாள். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு இருக்கைகளுக்கு நடுவே ஏறிப் பின்னால் போனாள். கட்டிலில் இரண்டு பேர், ஒரே போர்வைக்குள். முகம் இரண்டும் நன்றாகத் தூங்குகிறவர்களைப் போலச் சிவந்திருந்தன. வாசல் கதவை உள்ளேயிருந்து திறந்துவிட்டாள். கொழுந்தன் மேல் கூரைத் திறப்பைத் தள்ளித் திறந்தான். காஸை மூடிவிட்டு மீசை ஓடிவந்தான். முதலில் அந்த அம்மாள். பிறகு அவர். அவர் கனமாக இருந்தார். மூன்று பேரும் சேர்ந்துதான் இறக்க முடிந்தது.

மழையில், புல்லில், அந்த அம்மாள் இருமினாள். வாந்தி எடுத்தாள். கண்ணைத் திறந்து அண்ணியைப் பார்த்தாள்.

“யாரு நீங்க?” குரல் குழறியது. “எங்க வண்டியை ஏன் உடைச்சீங்க? அவர் எங்க?”

“பக்கத்துலதான் இருக்கார்.”

“தூங்கறாரா?”

“இல்லை,” என்றாள் அண்ணி. “எழுப்பிட்டு இருக்கோம்.”

கொழுந்தன் அவருடைய தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு கன்னத்தில் தட்டினான். “ஐயா. ஐயா, எழுந்திருங்க. ஐயா, கண்ணைத் திறங்க.” வேடிக்கை பேசிப் பழகின அந்த வாய் வேறு வார்த்தை தெரியாததுபோல் அதையே சொன்னது. ஆம்புலன்ஸ் சத்தம் தூரத்தில் கேட்கத் தொடங்கியபோது, அந்த மனிதர் எதையோ திட்ட வாயெடுத்தவர் போல முகத்தைச் சுளித்து மூச்சை உள்ளே இழுத்தார். கொழுந்தன் குனிந்து அவர் நெற்றியில் தன் நெற்றியை வைத்துக்கொண்டு ஓவென்று அழுதான்.

மீசை கட்டிலுக்கு அடியிலிருந்து கழன்ற குழாயை அப்படியே போட்டோ எடுத்துக்கொண்டு வந்தான். “போலீஸ் வரட்டும். வளையத்தைத் தொடாம வெச்சிருக்கேன்,” என்றான்.

அண்ணியின் போன் அடித்தது. பெரியப்பா. “லைன் நின்னு போச்சு. சித்தி மைக்கை விட மாட்டேங்கறாங்க. ஒருத்தரும் வேலை செய்யலை. நான் உங்ககிட்ட கேட்டது ஒரே ஒரு பேரு. அதையாவது கண்டுபிடிச்சீங்களா?”

“ரெண்டு பேரை உயிரோட கண்டுபிடிச்சோம்,” என்றாள் அண்ணி. “மிச்ச விவரம் போலீஸ்ல எழுதிக் குடுக்கறேன். உங்க பேரை எப்படி எழுதணும்? பெரியப்பான்னு எழுத முடியாது.”

அவர் பதில் சொல்வதற்குள் கட் செய்தாள்.

தம்பதி இருவரையும் ஆக்ஸிஜன் மாட்டி ஏற்றினார்கள். உடன் வந்த நர்ஸ் இறங்கி, அண்ணியின் வலது கையைப் பிடித்துத் திருப்பினார். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை சட்டைக் கை கிழிந்து, ரத்தம் மழையோடு சேர்ந்து விரல் நுனியில் சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு கண்ணாடிச் சில்லு மின்னியது. அவள் அதைக் கவனித்திருக்கவில்லை.

“இவ்வளவு ஆழமா வெட்டியிருக்கே, வலிக்கலையாம்மா?”

இல்லை என்று சொல்லத்தான் வாய் திறந்தாள். எட்டு மாதமாக எதைக் கேட்டாலும் அவள் சொல்லும் பதில் அது. சொல் வரவில்லை. முதலில் முழங்கைக்குக் கீழே ஒரு சூடு. அப்புறம் அந்தச் சூட்டுக்கு ஒரு விளிம்பு, ஒரு முனை. பிறகு அது நெஞ்சுவரை ஏறி வந்தது. ஆம்புலன்ஸ் படியில் உட்கார்ந்தாள்.

“வலிக்குது,” என்றாள் அண்ணி. கொழுந்தன் திரும்பிப் பார்த்தான். “தம்பி, ரொம்ப வலிக்குதுடா.”